பேத்தி சொன்ன விலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கால் வீக்கம் வற்றியதா? இந்த நியூசிலாந்துக் குளிரிலும் நான் நன்றாகவே இருக்கிறேன்.

நம் நவுரு தீவின் பாஸ்பேட் மண்ணுக்கு நம் அரசாங்கத்தின் சார்பில் விலை பேச, நான் டீ போடும் உரக் கம்பெனிக்கே நேற்று நம் பேத்தி எய்ரென்னா வந்தாள்! "சின்னப் பொண்ணு, சும்மா தூக்கிக் குடுத்துட்டு வருவா" என்றீர்களே, கேளுங்கள்.

நான் டீ கொண்டுபோனபோது மானேஜர் சிரித்தபடி, "விக்கிறதுக்கு இந்த மண்ண விட்டா உங்க தீவுல வேற என்னம்மா இருக்கு? விலையக் குறைங்க" என்றார். அந்தப் பணத்தில்தானே தீவுக்கே அரிசி வருகிறது! ஆனால் நம் பேத்தி அசையவில்லை.

"அதனாலதான் சார் குறைக்க மாட்டோம். தோண்டினது மறுபடி முளைக்காது. வேணாம்னா சொல்லுங்க, கொரியாக்காரங்களுக்குக் குடுத்துடறேன்."

அவர் சிரிப்பு நின்றது. அவள் சொன்ன விலைக்கே கையெழுத்துப் போட்டார்!

பிறகு அவள், "பாட்டி, இன்னும் கொஞ்சம் சக்கரை" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமா, என் பேத்திதான்" என்றேன், யாரும் கேட்காமலேயே.

மண் ஏற்ற அடுத்த மாதம் அங்கே கப்பல் வரும். அதில் தென்னம்பாகு ஒரு புட்டியும் உங்கள் பழைய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம். டீ மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
எய்தாரா