கேட்பாரற்ற உடல்

பொலோஞா, 1341

அன்புள்ள அம்மா,

கூறு போட்ட உடல் இறுதித் தீர்ப்பு நாளில் எப்படி எழும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. உங்கள் மூட்டுவலி தேவலையா?

எனக்கு லேசான காய்ச்சல்தான். நான் வேலை செய்யும் மருத்துவப் பள்ளியில், கேட்பாரற்ற வெளியூர்ப் பிணங்களைத்தான் அறுத்துக் காட்டுவார்கள். நேற்று நான் இருமியதும், அறுக்கும் நாவிதன் லாப்போ, "அக்கா, நீங்களும் வெளியூர்தானே? சீக்கிரம் தேறிடுங்க, மேசை காலியா கெடக்கு!" என்றான். நானும் சிரித்தேன். பிறகு அறைக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

நான் உங்கள் மகள் என்று நம் ஊர் சலேர்னோவின் பாதிரியாரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். கம்பளிக் காலுறையும் வேண்டும். கடிதம் கொண்டுவரும் ஆள் காத்திருக்கிறான்.

மாயெல்டா

மறுநாள்: ஆள் இன்னும் புறப்படவில்லை. இன்று மேசையில் நம் பக்கத்து ஊரான அமால்ஃபியின் பெண் ஒருத்தி. "எங்கிட்ட குடுங்க, நான் அடக்கம் பண்றேன்" என்றேன்.

"உறவா, அக்கா?" என்றான் லாப்போ.

இல்லை என்றேன். அறுத்தான்.