சனிக்கிழமை அகரம் போனோம்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் நல்ல பனி. நேற்றுத் துவைத்தது இன்னும் ஈரம்.

ரியாஸைப் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போய் வந்தேன். அங்குள்ள டீச்சர் சொன்னது: "பாடம் மாதிரி எதுவும் சொல்லித் தராதீங்க. ஆட்டிசம் இருந்தாலும் புள்ள புள்ளதான். வீட்ல எல்லாரும் சேந்து சிரிக்கிற மாதிரி விளையாடுங்க, போதும்."

ஏழு வயதுக்குள் அவனுக்குப் பிடித்துப்போனவை: பாயில் சுருட்டி உருட்டுவது (இன்னும் இறுக்கச் சொல்லி என் கையை இழுப்பான்). பேசினில் அரிசியைக் கொட்டி அளைவது. சுவரில் டார்ச் வெளிச்சம். பிடிக்காதவை: பலூன், கைதட்டல், மிக்சி. பார்க்குக்கு இனி போவதில்லை. போனமுறை ஊஞ்சல் பக்கத்தில் ஒருத்தி, "புள்ளைய வளக்கத் தெரியல" என்று நான் கேட்கும்படியே சொன்னாள்.

தண்ணீர் என்றால் உயிர். இவருடைய சிநேகிதர் சின்னச்சாமி அண்ணனுக்கு அகரத்தில் தோட்டம், கிணற்றடியில் பெரிய தொட்டி. சனிக்கிழமை போகலாம் என்று முடிவு. இவர் தோல் கிடங்கில் லீவு சொல்லியாயிற்று.

பிப்ரவரி 5, புதன்

தோட்டத்துக்குப் போகும் வழியை ரியாஸுக்குப் படமாக வரைந்தேன். வீடு, பஸ், தென்னை மரம், தொட்டி. முன்னாலேயே காட்டிவிட்டால் பயப்பட மாட்டான். தென்னை துடைப்பம் மாதிரி வந்திருக்கிறது.

வரையும்போது பர்வீன் வந்து நின்றாள். பன்னிரண்டு வயதுக்கு நல்ல உயரம்.

"அம்மா, சனிக்கிழமை நீ சும்மாதான் இருப்பியா?"

"சனிக்கிழமை அகரம் போறோம்ல. நீ எறங்காம தம்பி தண்ணியில எறங்க மாட்டான். உனக்கும் லீவுதான?"

"ம். லீவுதான்."

வாங்க வேண்டியது: துண்டு, பிஸ்கட், ரியாஸுக்குத் தையல் உறுத்தாத பனியன்.

பிப்ரவரி 8, சனி

வெயில். உடம்பெல்லாம் வலி. மனசு நிறைந்து கிடக்கிறது.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, தப்பித்தோம். தொட்டியைப் பார்த்ததும் ரியாஸ் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். பர்வீன்தான் முதலில் இறங்கினாள். அவனைக் கூப்பிடவே இல்லை. சல்லடையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஒழுக விட்டுக்கொண்டிருந்தாள். செத்த நேரத்தில் அவனாகவே இறங்கி அவளிடமிருந்து சல்லடையைப் பிடுங்கினான். அப்புறம் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு! இவர் வேட்டியோடு தொட்டியில் உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டு நாளா இத எங்க வச்சிருந்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சின்னச்சாமி அண்ணனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏலே, மோட்டாரப் போடுங்கப்பா, புள்ள நல்லா ஆடட்டும்!" என்றார். யாரோ போட்டுவிட்டார்கள். குழாயிலிருந்து தண்ணீர் இரைந்து விழுந்ததும் ரியாஸ் அலறினான். தலையைத் தொட்டிச் சுவரில் மோதப் போனான். நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். மோட்டார் ரூம் வயலுக்கு அந்தக் கடைசியில். நாங்கள் பெரியவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும்போதே பர்வீன் ஈரப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடிவிட்டாள். செருப்பு இல்லாமல். என்ன ஓட்டம்! மோட்டார் நின்றது.

"ஏம்மா, உம் மக குதிரை மாதிரில்ல ஓடுறா" என்றார் அண்ணன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் திரும்பி வந்து, மூச்சு வாங்க, மறுபடியும் சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில் பர்வீனுடைய பி.டி. டீச்சர். 

"பர்வீனுக்கு இப்ப காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?"

"காய்ச்சலா?"

"சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டேக்கு வரலையே. நானூறு மீட்டர்ல அவதான் ஜெயிப்பான்னு எல்லாருமே சொல்லிட்டிருந்தோம். பெத்தவங்க எல்லாம் வந்திருந்தாங்க."

கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

புதன்கிழமை அவள் வந்து நின்றது திரும்பத் திரும்ப வருகிறது. தென்னை மரத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். "நானும்தான் கேக்கல" என்றார். அவ்வளவுதான்.

பர்வீன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா தம்பி அழுவான். அப்புறம் ரெண்டு பேரையும் நான்தான பாக்கணும்?"

கோபமே இல்லை குரலில். கணக்குப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். பிறகு பையை வைத்துவிட்டு, பாயை விரித்து, "ரியாசு, வா" என்று கூப்பிட்டாள். அவன் ஓடிப் போய்ப் படுத்துக்கொண்டான். உருட்டினாள். அவன் சிரித்தான். நான் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

எல்லாரும் சேர்ந்து விளையாடச் சொன்னார் பயிற்சி மைய டீச்சர். எல்லாரும் என்றதில் இவளும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு நாளாக அவளுக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடித்தது: முட்டை ஆணம் ஊற்றிய சோறு. பிடிக்காதது: தெரியாது. ரியாஸுக்கு என்றால் எத்தனை வேண்டுமானாலும் சொல்வேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெக்கை. ரியாஸை இவரிடம் விட்டுவிட்டுப் பர்வீனை மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் இருவர் மட்டும் வெளியே போவது இதுதான் முதல் தடவை.

கடை காலி. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டு பேரும் நேராகப் போய், வாசல் பக்கம், ஃபேன் சத்தம் கேட்காத மூலையில் உட்கார்ந்தோம். ரியாஸோடு வந்தால் உட்காருகிற இடம். அவள் தண்ணீர் டம்ளரை மேஜை ஓரத்திலிருந்து நகர்த்தி வைத்தாள்.

"உனக்கு என்ன விளையாட்டு புடிக்கும்?"

"தம்பியோடயா?"

"இல்ல, உனக்கு. தனியா."

ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப யோசித்தாள். "ஓடுறது. ஓடுறப்ப யாரையும் பாக்க வேணாம்."

நான் குனிந்து ஐஸ்கிரீமைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் அழக் கூடாது.

"அடுத்த வருசமும் இருக்கும்ல ஸ்போர்ட்ஸ் டே?"

"இருக்கும்மா."

"நான் வாரேன். எது இருந்தாலும் வாரேன்."

தலையாட்டினாள். ரியாஸ் எதையாவது கேட்டு அடம் பிடிக்கும்போது, அழாமல் இருக்கட்டுமே என்று அவனிடம் தலையாட்டுவாளே, அதே மாதிரி.