சாக்லேட்டில் சேர்த்த சோயா லெசித்தினும் ரத்னாவின் மேல் விழுந்த பழியும்

அனுப்புநர்:
சுந்தரவல்லி சிதம்பரநாதன்,
12, நாகாத்தம்மன் கோயில் குறுக்குத் தெரு,
தியாகராய நகர், சென்னை – 17.

பெறுநர்:
மண்டல சுகாதார அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: சாக்லேட்டில் சேர்த்த சோயா லெசித்தினை மோட்டார் எண்ணெய் எனப் பரவிய தவறான செய்தியால் என் பணியாளர் திருமதி ரத்னா மீது விழுந்த பழியை நீக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இது குறித்து ஏற்கெனவே நேரிலும் தபாலிலும் முறையிட்டுள்ளேன். பதில் இல்லை. மீண்டும் முதலிலிருந்து சொல்ல அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்கிறேன்.

1. என் வீட்டுப் பின்கட்டில் நானும், சிந்தாதிரிப்பேட்டையைச் சேர்ந்த ரத்னாவும் சில ஆண்டுகளாகச் சாக்லேட் செய்து, பிறந்தநாள் விழாக்களுக்கும் திருமண வரவேற்புகளுக்கும் கொடுத்து வந்தோம். உரிமம் முறையாக உள்ளது.

2. சென்ற மார்ச்சில் நந்தனத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில், அவ்வீட்டுச் சிறுவன் அஸ்வத் எங்கள் சாக்லேட்டைத் தின்றதும் வாந்தி எடுத்தான். தகவல் அறிந்து தங்கள் ஆய்வாளர் என் வீட்டுக்கு வந்தார். வந்தது அவர் கடமை; அதில் எனக்கு வருத்தமில்லை. அப்போது நான் கடைக்குச் சென்றிருந்தேன். மேசை மேலிருந்த டப்பாவைத் திறந்து, இது என்ன என்று ரத்னாவைக் கேட்டிருக்கிறார். பயந்துபோன அவள், "கலக்குற எண்ணெய் சார்" என்றிருக்கிறாள். மறுநாள் மாலைப் பத்திரிகையில் அது மோட்டார் எண்ணெய் ஆகிவிட்டது. அவள் பெயரும் தெருவும் கூட அச்சில் வந்தன. என் பெயர் வரவில்லை.

3. அந்த டப்பாவில் இருந்தது சோயா லெசித்தின். சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. பார்வைக்குப் பழுப்பாக, கிரீஸ் போலத்தான் இருக்கும். கொக்கோ வெண்ணெயோடு சர்க்கரையும் பால்பவுடரும் திரளாமல் கலந்து, குழம்பு இளகி அச்சில் வழுவழுப்பாக ஓடுவதற்காகச் சேர்க்கிறோம். இல்லையேல் விலை மிகுந்த கொக்கோ வெண்ணெயை அதிகம் ஊற்ற வேண்டும். ஒரு கிலோவுக்கு நாலைந்து கிராம் போதும். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருளே. சோயா ஒவ்வாதவர் தவிர்க்க வேண்டும் என்பதால் உறையில் தெளிவாக அச்சிட்டிருந்தோம். லெசித்தின் முட்டையிலிருந்தும் எடுக்கப்படுவதால், மைலாப்பூரில் சைவ வாடிக்கையாளர் சிலர் இது முட்டையா என்று கேட்டபோதும் அந்த உறையைத்தான் காட்டினோம்.

4. பரிசோதனை அறிக்கை ஜூன் மாதம் வந்தது. கலப்படம் இல்லை, அளவும் மீறவில்லை என்று அதில் உள்ளது. நகல் இணைத்துள்ளேன். சிறுவனின் தாயார் ஷண்முகப்ரியாவும் என் வீட்டுக்கு வந்து, "காலைலேயே அவனுக்கு ஜுரம்க்கா. எல்லாரையும் கூப்பிட்டாச்சேன்னு மாத்திரை குடுத்து உக்கார வெச்சேன். மன்னிச்சுக்கங்க" என்று அழுதார். அவரைக் கோபிக்க எனக்குத் தெம்பில்லை. திருத்தம் கேட்டுப் போன பத்திரிகை அலுவலகத்திலோ, "அது பழைய செய்திம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

5. புகார் வந்தபோது சமையற்கூடத்தைப் பூட்டி வைத்த முத்திரையை, அறிக்கைக்குப் பின் அகற்றினீர்கள். நன்றி. ஆனால் ஆர்டர்கள் திரும்பவில்லை, தொழிலை நிறுத்திவிட்டேன். அது என்னோடு போகட்டும். ரத்னாவுக்கு வேறு வழியில்லை. கல்யாண சமையல்காரர் ஒருவர் அவளை வேலைக்குச் சேர்த்து, யாரோ அடையாளம் காட்டியதும் பாதிப் பந்தியில் வெளியே அனுப்பினார். குழாயடியில் பெண்கள் விலகி நிற்கிறார்கள். "என்னைக் கண்டா பசங்கள இஸ்துகினு போறாங்கம்மா. நான் இன்னா, வெஷமா வெச்சேன்?" என்று கேட்டாள். அறிக்கையைப் படித்துக் காட்டினேன். "உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதுமா?" என்றாள்.

6. இந்த மனுவில் அவளுக்குச் சம்மதமில்லை. "மனுல்லாம் போடாதம்மா, மறுபடியும் எம்பேரு பேப்பர்ல வந்துரப் போவுது" என்று தடுத்தாள். அவளை மீறித்தான் எழுதுகிறேன்.

ஆகவே, மறுப்புச் செய்தி எதையும் பத்திரிகைக்குத் தர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர், தண்ணீர் வரும் காலை வேளையில் அவள் தெருவுக்கு வந்து, ரத்னா கலந்தது உணவுப்பொருள்தான், அவள் மேல் குற்றமில்லை என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுப் போனால் போதும். எனக்கென்று கேட்க எதுவும் மிச்சமில்லை.

இடம்: சென்னை
நாள்: 18.09.1997

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுந்தரவல்லி சிதம்பரநாதன்

இணைப்பு: பரிசோதனை அறிக்கை நகல், சாக்லேட் உறை ஒன்று.