பள்ளத்துக்கு இந்தப் பக்கம்

2063 அக்டோபர் 14, காலை 6.00
கூவைமலை முகடு, நான்காம் வழிகாட்டிக் கம்பம். மலையேறுவோரைக் கவனிப்பதும், வானிலை சொல்வதும், அடிவார நிலையத்துக்குத் தகவல் அனுப்புவதும் என் வேலை. கேமரா உண்டு, தூரத்துச் சத்தத்தையும் பிடிக்கும் மைக் உண்டு, ஒலிபெருக்கியும் விளக்கும் உண்டு. நகர முடியாது. கீழே கடல் தெளிவாகத் தெரிகிறது. பாதை காய்ந்திருக்கிறது.

காலை 10.20
ஒரு பெண் தனியாக வந்தார். பெயர் அனிலா. துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். மதியத்துக்குள் கடல்மூட்டம் ஏறிவிடும், இப்படியே திரும்பிவிடுங்கள் என்றேன்.
"உச்சியத் தொட்டுட்டு ஓடி வந்திருவேன். எனக்கு இன்னைக்கு ஒரு நாளுதான் லீவு."
போய்விட்டார். தடுக்க என்னிடம் கை இல்லை.

பிற்பகல் 2.45
மூட்டம் ஏறிவிட்டது. என் அடிப்பகுதியே எனக்குத் தெரியவில்லை. மழை. அனிலா திரும்பவில்லை. அடிவாரத்துக்குச் சொல்லிவிட்டேன்.

மாலை 4.30
அவர் குரல் கேட்டது. பாதையை விட்டு விலகி வந்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவே செங்குத்தான பள்ளம். பாதை அதைச் சுற்றித்தான் வரும். அது அவருக்குத் தெரியாது. நடக்காதீர்கள், அங்கேயே உட்காருங்கள் என்று முழு ஒலியில் சொன்னேன்.
"என்ன சொல்லுதன்னு வெளங்கல! சத்தம் மட்டும் கேக்குது! அங்கயே வாறேன்!"
அடிவாரக் காவலர் செல்வினிடமிருந்து பதில்: "ஓடையில தண்ணி கழுத்தளவு போகுது. விடியாம கடக்க முடியாது. அவளை அசைய விடாத."

மாலை 5.10
நில் என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பார்த்தேன். காற்று சொல்லைப் பிய்த்துவிட்டு ஓசையை மட்டும் கொண்டுபோகிறது. ஒவ்வொரு முறையும் அவர் குரல் இன்னும் கிட்டத்தில் கேட்கிறது.
"ஆங், கேக்குது! பேசிக்கிட்டே இரி!"
அவர் காலடியில் ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது.
ஒலிபெருக்கியை நிறுத்தினேன். விளக்கையும் அணைத்தேன்.

மாலை 5.25
காலடி நின்றுவிட்டது.
"ஏய்! எங்க போன? எதாவது பேசு!"
பேசலாமா என்று செல்வினிடம் கேட்டேன்.
"பேசாத. நீ பேசினா அவ நடப்பா."
அது எனக்கே தெரியும். தெரிந்தும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.
அழுகிறார். குளிரில் பல் தந்தியடிக்கும் சத்தம்கூட மைக்கில் விழுகிறது.

அக்டோபர் 15, காலை 7.40
மூட்டம் இப்போதுதான் விலகியது. சூரியத் தகடு நேற்று மதியத்திலிருந்து வெயில் காணவில்லை. ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் ரேடியோவுக்கும் மின்சாரம் இல்லை. பார்க்கவும் கேட்கவும் எழுதவும் மட்டும் கொஞ்சம் மிச்சம், அதுவும் சில நிமிடங்களுக்குத்தான்.
செல்வின் அவரைப் பாதை வழியே கூட்டி வந்தார். உயிரோடு இருக்கிறார். உதடு நீலம், தோளில் கம்பளி. பள்ளத்தின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாராம்.
என் முன்னால் வந்து நின்றார். செல்வின் சொன்னார்:
"அது ஒன்னைக் காப்பாத்தத்தான் பிள்ளே பேசாம இருந்துச்சி."
"தெரியும் அண்ணே. நான் அதக் கேக்கல. ராத்திரி முழுக்கக் கூப்பிட்டேன். அதுக்குக் கேட்டுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லட்டும்."
காத்து நின்றார். கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செல்வின் அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே அழைத்துப் போனார்.

காலை 7.55
கேட்டது, அனிலா. நீங்கள் திட்டியது கேட்டது. பிறகு கெஞ்சியதும், குரல் அடங்கி என்னிடம் மெல்லப் பேச ஆரம்பித்ததும், பிறகு