காலையவையில் குமட்டும் அரசி தம் சிறிய தந்தையாருக்கு விடுத்த ஓலை

கழி வற்றாதிருக்க. கலம் கவிழாதிருக்க. உப்பும் நெல்லும் ஒருங்கே விளைக.

நெடுங்கழி நாட்டைத் தம் தந்தைக்குப் பின் ஐந்தாம் ஆண்டாக ஆள்பவரும், அலைகாத்தாள் என்னும் விருது பெற்றவருமான நிறைமதி நாச்சியாராகிய யாம், எம் சிறிய தந்தையாரும் கீழைக்கரைச் சீமைக்கு உடையவரும் எம் தலைமை அமைச்சருமாகிய விடங்கராயருக்கு விடுக்கும் ஓலை. தமது சீமையில் மழை பொய்யாதிருக்க. தமது மனையில் யாவரும் நலமே என்று நம்புகிறோம். யாம் நலமாக இல்லை. அதைத் தாம் எம்மைவிட நன்கு அறிவீர் என்ற ஐயத்தினாலேயே இதை எழுதச் செய்தோம்.

எமக்குக் கரு தரித்து மூன்றாம் திங்கள் நடக்கிறது. பொழுது புலரும்போதே குமட்டலும் உடன் விழிக்கிறது. குடித்த நீரும் தங்குவதில்லை. மருத்துவச்சி சாத்தி சொன்னபடி, படுக்கையை விட்டு எழுமுன் நெற்பொரி ஒரு பிடி மென்று, சற்று அசையாமல் கிடந்து, பிறகே மெல்ல எழுகிறோம். சுக்கு தட்டிப் போட்ட வெந்நீரை மிடறு மிடறாக அருந்துகிறோம். முந்தானையில் எலுமிச்சை ஒன்றை முடிந்து வைத்து, தேவைப்படும்போதெல்லாம் முகர்கிறோம். இவற்றால் மசக்கை தீரவில்லை. ஆனால் இரண்டு நாழிகை அரியணையில் அமர்ந்திருக்க முடிகிறது, எமக்கு அதுவே போதும்.

போதும் என்றுதான் எண்ணியிருந்தோம். கதிர் எழும்போது கூடும் காலையவையில், கடைசி மனு கேட்டு முடியுமுன் ஆள்பவர் எழுந்துவிட்டால் அன்று அவை கூடவில்லை என்று கொள்வதும், அப்படி ஏழு நாள் தொடர்ந்து கூடாவிடில் அரச முத்திரை மூத்த உறவினர் கைக்குப் போவதும் நம் குலச் சட்டம். மூத்த உறவினர் தாமே. ஆறு நாள் போய்விட்டது. பிள்ளை பிறக்கும் வரை மட்டும் முத்திரையைத் தாம் காத்துத் தருவதாகவும், மகள் ஓய்வெடுக்க வேண்டும் என்றும் நேற்றுகூடப் பரிவோடு சொல்லியனுப்பினீர். கொடுத்த முத்திரை திரும்பி வந்ததாக நம் குலத்தில் ஒரு செய்தியும் இல்லை. எம் கணவரோ படையோடு வடவெல்லையில் இருக்கிறார். முத்திரை இழந்த தாய்க்குப் பிறக்கும் பிள்ளையை யார் அரியணைக்கு அழைப்பார்? எமக்கு அச்சமாக இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

முதல் நாள், அவைக்கூடத்து விளக்குகளில் எம் தந்தை காலம் தொட்டு எரிந்த நல்லெண்ணெய் நீங்கி மீனெண்ணெய் எரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினோம். மறுநாள் ஆள் முகம் தெரியாத அளவுக்குச் சாம்பிராணிப் புகை. மூன்றாம் நாள், எப்போதும் கடைசியில் வரும் கருவாட்டு வணிகர் காணிக்கைக் கூடைகளோடு முதல் வரிசையில் நின்றனர். அடுத்த இரு நாளும் என்ன நாறியது என்று பார்க்கவே எமக்கு நேரமில்லை. ஆறாம் நாளாகிய இன்று தாமே அருகில் வந்து, குனிந்து, எம் முகத்துக்கு நேரே நலம் விசாரித்தீர். நாற்பது ஆண்டாகப் பூண்டு தொடாத தமது வாயில் இன்று பச்சைப் பூண்டு மணந்தது.

யாம் முதலில் ஐயுற்றது எம் மூக்கைத்தான். இந்நாளில் எமக்குத் தாழம்பூவும் நாறுகிறது, கணவர் அனுப்பிய புதுப்பட்டும் நாறுகிறது. ஆகவே மூக்கின் சாட்சியைத் தள்ளிவைத்து, விளக்கிடும் தீத்தாரப்பனை அழைத்துக் கேட்டோம். அவன், ஆத்தா என் தலையில் பழி போட வேண்டாம், மீனெண்ணெய்ப் புகை பிள்ளைத்தாய்ச்சிக்குக் காவல் என்று ராயர் வீட்டிலிருந்துதான் குடம் குடமாக வந்தது, ஊற்றச் சொன்னார்கள் ஊற்றினேன் என்றான். அப்படி ஒரு காவல் உண்டா என்று சாத்தியைக் கேட்டோம். முந்நூறு பிள்ளை எடுத்த கை தன்னுடையது, இப்படி ஒரு கூத்தைக் கேட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்பினால் செய்தீர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அன்பு காலையவையில் மட்டும் புகைவதேன், மாலையில் எம் அறைப்பக்கம் எட்டிப் பாராததேன் என்பது எமக்கு விளங்கவில்லை. இவ்வோலை தம்மிடம் சேருமுன் வேறு யார் கைக்குப் போகுமோ என்ற ஐயமும் உண்டு. ஆகவே இதன் படி ஒன்றை அவைக்கூடத்து வாயிலில் ஊரார் கேட்க இப்போதே வாசிக்கச் செய்திருக்கிறோம்.

தம்மைத் தண்டிக்கப் போவதில்லை. குடத்தை வைத்து ஒருவரைக் கழுவேற்ற முடியாது. ஆனால் சட்ட ஓலையை வரவழைத்து மும்முறை படித்தோம். ஆள்பவர் எழலாகாது என்றே அதில் கண்டிருக்கிறது. வாந்தியெடுக்கலாகாது என்று எங்கும் எழுதவில்லை.

ஆகவே நாளை, ஏழாம் நாள், யாம் எழப் போவதில்லை. அரியணையின் இடப்பக்கம், ஆள்பவர் உமிழ்வதை ஏற்கும் பொற்படிக்கம் ஏந்தி நிற்கும் பெருமை ஆள்பவரின் நெருங்கிய உறவினருக்கே உரியது. அப்பணியை நாளை முதல் எம் பிள்ளை பிறக்கும் நாள் வரை தமக்கு அளிக்கிறோம். இரு கையாலும் ஏந்த வேண்டும். முகம் திருப்பலாகாது. கடைசி மனு முடியும் வரை அவ்விடம் விட்டு அகலலாகாது. மறுத்தால், அரச பணி மறுத்தவர் மூத்த உறவினர் உரிமையையும் மறுத்தவராவார் என்ற அடுத்த வரியைத் தாமே சட்ட ஓலையில் பார்த்துக்கொள்ளலாம். கதிர் எழுமுன் நீராடி வந்து சேர்க.

நாடு நிலைபெறுக. நன்மக்கள் வாழ்க. இது எம் ஆணை. நாரை பொறித்த அரச முத்திரையை எவர் கையிலும் கொடாமல் யாமே இட்டோம். இடும்போது இருமுறை குமட்டியது. எழவில்லை.