ஞாயிற்றுக்கிழமை குளிரும் கடல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நீ குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம். மூன்று நாட்டுக் கடல்களின் சூட்டையும் ஒரே ஆழத்தில் அளக்க, உன் தலைமையில் நடக்கும் திட்டத்துக்காக நீ அனுப்பிய வெப்பமானி வந்தது. நடுக்கடலில் இறக்கியாயிற்று. அலை கொஞ்சம் முரடுதான். உன் தம்பியிடம் அதன் பாச்சா பலிக்குமா? படகேறுமுன் கயிறும் கையுமாக நிற்கும் படத்தை இணைத்திருக்கிறேன். தொப்பையைப் பார்க்காதே, வீரத்தைப் பார். அக்கா சிபாரிசில் வந்தவன் என்று இனி எங்கள் இயக்குநர் வாயைத் திறக்கட்டும். அத்தானின் முழங்கால் எப்படி?

இப்படிக்கு,
கடலாராய்ச்சிச் சிங்கம்,
உன் தம்பி

ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் தேவலை. உன் கணக்கு எல்லாரையும் அசத்திவிட்டது. மற்ற இரண்டைவிட நம் கடல்தான் வேகமாகச் சூடேறுகிறதாம். அடுத்த மாதம் மாநாட்டில் நானே வாசிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் உன் கடல் குளிர்கிறதே, ஏன்? வாசிப்பதற்குள் எழுது.

அன்புடன்,
அக்கா

ஜூலை 21

அக்கா,

வாரம் முழுக்க அலையடிக்கிற ஜீவன் ஒரு நாள் ஓய்வெடுக்கக் கூடாதா? ஏதாவது நீரோட்டமாக இருக்கும். தைரியமாக வாசி.

சிங்கம்

ஆகஸ்ட் 30

தம்பி,

வாசித்தேன். பக்கத்து நாட்டு விஞ்ஞானி அம்மாள் எழுந்து அதே ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டார். அறைக்கு வந்து உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெப்பமானிக் கயிற்றின் மறுமுனை படகுத்துறைத் தூணில் கட்டியிருக்கிறது. உன் தொப்பைக்குப் பின்னால் ஐஸ் தொழிற்சாலை தன் இயந்திரச் சூட்டை வாங்கிய வெந்நீரைக் கடலில் விடும் குழாய். ஞாயிறு அதற்கு விடுமுறை, இல்லையா?

மறுநாள் மேடையேறி, "சரிபார்க்காதது என் தப்பு" என்று சொல்லி எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உன் பேச்சை எடுக்கவில்லை. திட்டத்தின் தலைமை இப்போது அந்த அம்மாளிடம்.

படகேறினால் குமட்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பேனே.

அக்கா

அக்டோபர் 19

அக்கா,

படகில் போனேன். "சார், மீனுக்குப் போட்டது போதும், உட்காருங்க" என்று படகுக்காரர் கெஞ்சும் அளவுக்கு வாந்தி. வெப்பமானி இப்போது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.

சொல்லவேண்டியது அதுவல்ல. போன மாதம் டீ குடிக்கும்போது இயக்குநர், "உங்கக்கா பெரிய தப்பு பண்ணிட்டாங்களாமே, பாவம்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் நீட்டிய பிஸ்கட்டையும் வாங்கித் தின்றேன்.

போன வாரம் அவருக்கும் அந்த அம்மாளுக்கும் நடந்ததை என் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை நிலைக்குமா தெரியாது. இயக்குநர் இப்போது என்னைப் பார்த்தால் பிஸ்கட் டப்பாவை மூடிவிடுகிறார்.

புதுக் கணக்கு இத்துடன் வருகிறது. கடலுக்கு இப்போது ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். எனக்குத்தான் இல்லை. ஞாயிறானால், முன்பெல்லாம் நீ கூப்பிடும் நேரத்தில் போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். திட்டக்கூட வேண்டாம். நான் ஏதாவது சொல்ல ஆரம்பிக்கிறேன், நீ குறுக்கே பேசு.

தம்பி