அம்மா கட்டிய மெட்டு

குரோருட், ஒஸ்லோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் என் கோபத்தை உங்களிடம்தான் கொட்ட வேண்டும்.

எங்கள் இசைக்குழுவை இந்தப் பருவம் நடத்துபவர் உல்ஃப் சண்ட்மார்க். சுவீடனில் நாற்பது வருடமாகப் பெயர்பெற்ற இசையமைப்பாளர். போன மாதம் ஒத்திகை இடைவேளையில், நீங்கள் எனக்காகக் கட்டிய தாலாட்டை வயலினில் வாசித்தேன். பக்கத்தில் நின்று கேட்டார். நேற்று அவருடைய புதிய படைப்பின் இசைத்தாள்களைத் தந்தார்கள். பிரித்தால் அதே மெட்டு! மேலே, ‘ஆசிய நாட்டுப்பாடல், ஆக்கியவர் தெரியாது.’

எல்லோர் முன்னும் எழுந்து கேட்டேன். “நாட்டுப்பாடல் யாருக்கும் சொந்தமில்லையே” என்று சிரித்தார்.

கோபத்தில் எனக்குத் தமிழ்தான் முதலில் வந்தது. “இது என்ரை அம்மா கட்டினது! அவா சாவகச்சேரியிலை உயிரோடை இருக்கிறா. அவவின்ரை பேர் போடாட்டி நான் வாசிக்க மாட்டன்!” பிறகு அதையே நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, வயலினைப் பெட்டிக்குள் வைத்தேன். பக்கத்திலிருந்த ஹெல்காவும் தன் வில்லைக் கீழே வைத்தாள்.

அவர் முகம் சிவந்து, பென்சிலை எடுத்து உங்கள் பெயரைக் கேட்டு அந்தத் தாளில் எழுதினார். ஒரு மன்னிப்புக்கூட இல்லை, அம்மா! ‘வசந்தமலர்’ என்பதிலும் இரண்டு பிழை.

உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதி அனுப்புங்கள். தாலாட்டையும் முழுதாகப் பாடிப் பதிந்து அனுப்புங்கள். அது அவருக்கில்லை, எனக்கு.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
தக்ஷாயினி